லார்ன் போகிறீர்களா? முதலில் கடல் ஓத (நீர் ஏறி இறங்கும்) நேரத்தைப் பாருங்கள்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில், டாஃப் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது லார்ன். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'லாகார்ன்' என்று வாசித்துவிட வேண்டாம், சொல்வது லார்ன்தான். கவிஞர் டிலன் தாமஸ் 1949 முதல் 1953 வரை இங்கே 'போட்ஹவுஸ்' என்ற வீட்டில் வாழ்ந்தார்.

அவருடைய 30ஆவது பிறந்தநாள் நடையைப் பாடும் 'அக்டோபரில் கவிதை'யின் தடத்திலேயே இங்கு ஒரு நடைபாதை உண்டு. லார்ன் கோட்டைக்குக் கீழே தொடங்கி, கரையோரமாகப் போய், சர் ஜான் குன்றில் ஏறும். சுமார் 3 கிலோமீட்டர்தான். வழியில் பெஞ்சுகளில் கவிதை வரிகள் இருக்கும். அந்தக் கவிதையை முதல் நாள் இரவே ஒருமுறை வாசித்துவிடுங்கள். மேலே நின்று கழிமுகத்தைப் பார்க்கும்போது வரிகள் தாமாக நினைவுக்கு வரும், அந்த அனுபவமே தனி.

கவனிக்க வேண்டியது ஓதம். இந்தக் கடற்பகுதியில் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கோட்டையடியில் கார் நிறுத்தும் இடத்துக்கே தண்ணீர் வந்துவிடும். அதனால் ஓத அட்டவணை பார்த்து, நீர் இறங்கும் நேரத்தில் கிளம்புங்கள். சேற்றுக்குத் தாங்கும் ஷூ அவசியம். சேற்றுவெளிக்குள் குறுக்கே நடக்கவே கூடாது.

அப்புறம், புனித மார்ட்டின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். கவிஞரின் கல்லறையில் இருப்பது ஓர் எளிய வெள்ளை மரச்சிலுவை.