மார்ச் 31 விடுமுறைக்கு ஒரு மணி நேரக் கூட்டம் நடத்துவது எப்படி?

கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களைப் போற்றும் மார்ச் 31 விடுமுறையை ஒட்டிப் பள்ளியிலோ நூலகத்திலோ கூட்டம் நடத்துவோர், அந்நாளில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸின் பிறப்பிலிருந்து அல்லாமல், தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை தந்த 1935ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை விலக்கி வைத்ததிலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்லது. பின்னர் நடந்த வேலைநிறுத்தங்களின் தேவை அப்போதுதான் விளங்கும்.

1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோ ஊரின் திராட்சைத் தோட்டங்களில் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் முதலானோர் வழிநடத்திய பிலிப்பினோ தொழிலாளர்கள் என்பதையும், சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டா ஆகியோரின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அதன் பிறகே இணைந்தது என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். எளிதில் மறக்கப்படும் வரிசை இது. 1966இல் அங்கிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ வரை தொழிலாளர்கள் நடந்து சென்ற வழியை வரைபடத்தில் காட்டினால் போதும்.

அதிக நேரத்தைக் குட்டைப் பிடி கொண்ட களைக்கொத்துக்கு ஒதுக்குங்கள். அதுபோன்ற ஒன்றை, விரும்பி முன்வருபவரிடம் கொடுத்து, இரண்டு நிமிடம் குனிந்தபடி தரையைக் கொத்துவதுபோல் செய்யச் சொல்லுங்கள். பிறகு, நாள் முழுதும் முதுகை வளைத்த அக்கருவியின் பயன்பாடு கலிபோர்னியாவில் 1975இல் தடை செய்யப்பட்டதையும், அதே ஆண்டில் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் சங்க உரிமை தந்த வேளாண் தொழிலாளர் உறவுச் சட்டம் அங்கு இயற்றப்பட்டதையும் சொல்லிக் கேள்விகளுக்கு இடம் கொடுங்கள்.