வேலிச்செடி அடியில் மொட்டையாகிவிட்டதா? கவாத்து செய்யும் முறை

சேலத்து வீடுகளில் டுரண்டா, மருதாணி வேலிகள் மேலே குடைபோல விரிந்து, அடியில் வெறும் குச்சியாக நிற்பதற்குப் பெரும்பாலும் வெட்டும் விதம்தான் காரணம். மேல்பகுதி அகலமானால் அடிக்கிளைக்கு வெயில் கிடைக்காது, இலை கொட்டிவிடும். அதனால் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கட்டும். நான்கடி உயர வேலிக்கு அடியில் இரண்டரை அடி, உச்சியில் ஒன்றே முக்கால் அடி போதும்.

இரு முனையிலும் குச்சி நட்டு, வேண்டிய உயரத்தில் நூல் கட்டுங்கள். கண்ணளவை நம்பினால் கோணலாகும். முதலில் பக்கங்களை அடியிலிருந்து மேல்நோக்கி வெட்டுங்கள், உச்சியைக் கடைசியில். கட்டைவிரல் தடிமன் கிளைகளுக்கு வேலிக் கத்தரி ஆகாது, நார் கிழியும், கைரம்பம் எடுங்கள். இலையும் கிளையுமாக இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம்.

ரொம்பப் பழைய வேலி என்றால் இந்த முறை ஒரு பக்கம் மட்டும் உள்கிளை வரை வெட்டி, அது நன்றாகத் துளிர்த்த பிறகே மறுபக்கம் தொடுங்கள். டுரண்டா, மருதாணி, செம்பருத்தி பழைய கட்டையிலும் துளிர்க்கும். சைப்ரஸ் துளிர்க்காது, அதில் பச்சை உள்ள இடத்தோடு நிறுத்துங்கள்.

சித்திரை வெயிலில் வெட்டினால் உள் இலை கருகும். மழை தொடங்கியபின் வெட்டுவது நல்லது. ஏர்க்காட்டில் மூடுபனி விலகி இலை காய்ந்த நாளாகப் பாருங்கள், ஈர வெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். டுரண்டாவின் மஞ்சள் காய் விஷம், வெட்டிய கழிவை ஆட்டுக்குப் போடாதீர்கள்.