மீன் பெட்டிக்குள்ள நம்ம கடற்கரை

அறிவியல் கண்காட்சின்னா என் டியூஷன் பசங்க சோடா உப்பும் வினிகரும் ஊத்தி எரிமலை பண்ணக் கிளம்பிடுவாங்க. திருவொற்றியூர்ல எரிமலைக்கு என்னப்பா வேலை? தெருமுனைல கடல் கரையைத் தின்னுதே, அதைச் செஞ்சு காட்டுங்க.

காசிமேட்டுல ஐஸ் போட்டு மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு வாங்குங்க, நீளமானதா, ஓட்டை இல்லாததா. சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவணும், இல்லன்னா வீட்ல உங்களையும் சேர்த்து வெளியே வெச்சுடுவாங்க. எம்-சாண்ட் வேணாம், அதுல இருக்கிற தூள் தண்ணியைக் கலக்கிடும். பூச்சு வேலைக்குச் சலிச்ச ஆத்து மணல் கேளுங்க.

நீளவாக்குல ஒரு பக்கம் மணலைச் சரிவா அணைச்சு வைங்க. மிச்ச இடத்துல நாலு விரல் உயரம் தண்ணி. கரையில நின்னு கடலைப் பார்த்தா வலது கை தெற்கு, இடது கை வடக்கு. பெட்டி ஓரத்துல எழுதிடுங்க, பாதிப் பசங்க இங்கதான் குழம்புவாங்க. வடக்குச் சுவர்ல பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைச் சொருகினா அலை மோதித் திரும்பாது.

இப்ப பரீட்சை அட்டையைத் தென்கிழக்கு மூலைல சாய்வாப் பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. வடகிழக்குப் பருவமழைல திசை மாறினாலும், வருஷக் கணக்குல பார்த்தா நம்ம கரையோரம் மணல் வடக்கே போறதுதான் அதிகம். அதைக் கண்ணால பார்க்க, தண்ணி தொடுற இடத்துல சிவப்புக் கோலப்பொடியைக் கொஞ்சம் வைங்க. முதல்லயே நனைச்சுக்கணும், காய்ஞ்ச பொடி மிதக்கும். அலை பொடியைச் சாய்வா மேலே தள்ளும், தண்ணி நேரா கீழே இழுக்கும். இப்படியே கோணல்மாணலா வடக்கே நகரும். பொறுமையா ஆட்டுங்க, வேகமா ஆட்டினா எல்லாம் கலைஞ்சிடும்.

அப்புறம் நடுக்கரையிலிருந்து தண்ணிக்குள்ள நீட்டின மாதிரி ஒரு செங்கல் துண்டு வைங்க, அதுதான் துறைமுகம். ஆட்ட ஆட்ட தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை குடைஞ்சு உள்ளே போகும். 1875-க்கு அப்புறம் சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பினப்ப இதேதான் நடந்துச்சு: தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைஞ்சுது.

கடைசியா, வடக்குப் பக்கம் ஜல்லியை வரிசையா அடுக்கித் தூண்டில் வளைவு போடுங்க, அதாவது மணலைப் பிடிச்சு வைக்கக் கரையிலிருந்து தண்ணிக்குள்ள நீட்டுற கல் சுவர். ரெண்டு வளைவுக்கு நடுவுல மணல் தங்கும், கடைசி வளைவைத் தாண்டினதும் வடக்கே அரிப்பு தொடங்கும். நடுவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இங்கதான் வரும். பதில் சொல்லாதீங்க, அட்டையை அவர் கையில குடுத்து ஆட்டச் சொல்லுங்க.

முடிஞ்சதும் மணலை சிங்க்ல கொட்டாதீங்க, குழாய் அடைச்சுக்கும்.