மௌனப்பட வெள்ளத்தைத் திரையரங்கு உரிமையாளரிடம் விற்பது எப்படி?

1926இல் ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி ஜான்ஸ்டவுன் ஃபிளட்' (ஜான்ஸ்டவுன் வெள்ளம்) என்ற மௌனப்படத்தை அமெரிக்கச் சிற்றூர்த் திரையரங்கு ஒன்றில் திரையிட வைக்க விரும்பினால், உரிமையாளரிடம் திரைப்பட வரலாற்றை விரித்துரைக்காதீர்கள். இருக்கைகள் எவ்வாறு நிரம்பும் என்பதே அவருடைய கவலை.

முதலில் நடிகர்களைச் சொல்லுங்கள். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்ற ஜேனட் கேனரும், 1927இல் வெளிவந்த 'சன்ரைஸ்' படத்தில் அவருடன் நடித்த ஜார்ஜ் ஓ'பிரையனும் இதில் இருக்கிறார்கள். அணை உடையப்போகிறது என ஊரை எச்சரிக்கக் கேனர் குதிரையில் விரையும் காட்சியையும், மாதிரிக் கட்டடங்களை நீர் அடித்துச் செல்லும் காட்சியையும் இரண்டு நிமிடத் துண்டாக்கிக் கையோடு கொண்டுசெல்லுங்கள். சுவரொட்டி வாக்குறுதிகளை விட அது வேகமாகப் பேசும்.

தேதியையும் நீங்களே முன்மொழியுங்கள். படம் சொல்லும் உண்மை நிகழ்வில், பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலிருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்தது 1889 மே 31 அன்று. அந்த நினைவு நாளையொட்டிய வாரம் உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கும் பள்ளிகளுக்கும் பொருத்தமானது. ஆனால் 2,209 பேர் மாண்ட பேரழிவு அது என்பதால், பென்சில்வேனியாவில் அந்த எண்ணிக்கையைப் பரபரப்பு விளம்பரமாக்குவது, என் கருத்தில், அநாகரிகம்.

இசைச் செலவை மறைக்காதீர்கள். நேரடியாக வாசிக்கும் பியானோ கலைஞரின் கட்டணத்தை யார் ஏற்பது, வசூல் எந்த விகிதத்தில் பிரியும் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மூலப்படம் அமெரிக்காவில் 2022 முதல் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை என்றாலும், மீட்டெடுத்த பிரதிக்கு அதை வைத்திருப்பவரின் ஒப்பந்தம் தேவைப்படலாம். அதை முன்கூட்டியே முடித்துவிட்டுச் செல்லுங்கள்.