பட்ஜெட்டைப் படிக்க ஒரு பென்சில் போதும்

பட்ஜெட் உரை முடிந்த அன்று நான் தலைப்புச் செய்திகளைத் தொடுவதில்லை. 2005-இல் டெல்லியில் தொடங்கிய பிஆர்எஸ் என்ற சுதந்திர ஆய்வு நிறுவனம் தமிழ்நாடு உட்பட மாநில பட்ஜெட்டுகளை அலசி, சில பக்கங்களில் அறிக்கை வெளியிடும். பொறுத்திருந்து அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பட்ஜெட்டில் ஒவ்வொரு துறைக்கும் ஒதுக்குவதாகச் சொன்ன தொகை, உண்மையில் செலவான தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அந்த இணைப்பு அட்டவணையில் இருக்கும். வரிசைக்குக் கீழே ஸ்கேலை வைத்து, கழித்தல் குறி உள்ள துறைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நான் முதலில் தேடுவது குடிநீரும் வீட்டுவசதியும்தான். சட்டசபையில் மேசை தட்டி வரவேற்ற பணம் செலவானதா என்பது அந்தச் சின்னக் கோட்டில் தெரிந்துவிடும்.

அப்புறம் பற்றாக்குறை. மொத்தச் செலவுக்கும் கடன் சேராத வரவுக்கும் உள்ள இடைவெளியான நிதிப் பற்றாக்குறையோடு நின்றுவிடாதீர்கள். வருவாய்ப் பற்றாக்குறை இருந்தால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று பொருள். கடன் வாங்கிப் பாலம் கட்டுவது வேறு, இது வேறு.

எந்தத் துறைக்கு எவ்வளவு பங்கு என்பதில் மற்ற மாநிலங்களின் சராசரியோடு ஒப்பீடும் உண்டு, அதையும் பாருங்கள். சரி, வட்டமிட்ட தாளை மடித்து வையுங்கள். எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது கையில் இருக்கட்டும்.