கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறீர்களா? இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில், பாபநாசம் போகிற வழியில் காரை அரை மணி நேரம் ஓரங்கட்டி, ஆற்றுப் பாலத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து, நாலு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள்தான் கல்லிடைக்குறிச்சிக்கு அதிகம். அப்படி வந்தால் இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும், ஏனென்றால் இந்த ஊர் காலை ஐந்து மணிக்கு விழித்து, பத்தரை பதினொன்றுக்கெல்லாம் அடங்கி, மறுபடி நாலரைக்கு மேல்தான் எழுந்திருக்கும். நீங்கள் வருவது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. கோயில் பூட்டியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் இந்த ஊருக்கு வர வேண்டுமென்றால் இரண்டு காலையும் இரண்டு சாயங்காலமும் கையில் இருக்கிற மாதிரி வாருங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வருவது எளிது. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் திருநெல்வேலி சந்திப்பு. அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிடும், காருகுறிச்சி, வீரவநல்லூர், அடுத்தது கல்லிடை. ரயில் நேரம் ஒத்துவரவில்லையா, திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பஸ் அடிக்கடி இருக்கிறது, சுமார் 35 கிலோமீட்டர்தான். ஊரில் இறங்கிய பிறகு கார் தேவையே இல்லை. ஆற்றுக்குத் தென்கரை கல்லிடைக்குறிச்சி, வடகரை அம்பாசமுத்திரம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது 'அம்பை'. நடுவில் பாலம், காலை நேரத்தில் நடந்தே போய் வரலாம்.

எந்த மாதம் என்று கேட்டால் நான் மார்கழி, தை என்பேன். பிசானப் பருவத்து நெல் வயலில் பச்சையாக நிற்கும், வெயில் உறைக்காது, பறவைகளும் வந்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஆனி, ஆடியில் வந்தால் சாரல் கிடைக்கும், அது ஒரு தனிச் சுகம், ஆனால் குற்றாலக் கூட்டம் இந்தப் பக்கமும் வழியும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். மழை அதன் பிறகும் வரும், 2023 டிசம்பரில் இந்த மாவட்டத்தையும் தூத்துக்குடியையும் வெள்ளம் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். அப்புறம் மூன்று நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்: பங்குனி உத்திரம், சித்திரை விசு, ஆடி அமாவாசை. பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ குடியேறிய நெல்லைக்காரர்கள் எல்லாம் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடித் திரும்பி வருவார்கள், விசுவுக்குப் பாபநாசத்தில் தீர்த்தவாரி, ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம். பஸ்ஸிலும் இடம் இருக்காது, லாட்ஜிலும் இருக்காது. திருவிழாவையே பார்க்க வருகிறீர்கள் என்றால் வேறு கதை.

தங்குவதற்கு அம்பைதான் வசதி. சாதாரண லாட்ஜுகள்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், போன் செய்து சொல்லிவிட்டு வந்தால் போதும். பாபநாசம் பக்கமும் அறைகள் உண்டு, ஆனால் அங்கே தங்கினால் சுற்றுலாத் தலத்தில் தங்கிய மாதிரி ஆகிவிடும், ஊரில் தங்கிய மாதிரி இருக்காது.

சரி, இப்போது ஆறு. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதே இல்லை, இரண்டு பருவமழையும் இதற்குத் தண்ணீர் கொடுப்பதால் மற்ற ஆறுகள் மணலாகக் கிடக்கும் நாட்களிலும் இதில் நீரோட்டம் இருக்கும். காலை ஐந்தரைக்குத் துண்டை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போங்கள். எங்கே குளிப்பது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், இதை நான் மறுபடியும் மறுபடியும் சொல்வேன். மேலே பார்க்கத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கிற இடத்தில்தான் கசம் இருக்கும், ஆள் முழுகுகிற ஆழம். பாறையில் பாசி பிடித்து வழுக்கும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் நீர்மட்டம் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட நீச்சல் இங்கே நம்பத் தகுந்ததல்ல. அதனால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் நிற்கிற ஆழத்தில் மட்டும் நில்லுங்கள். பெண்கள் எந்தப் படித்துறையில் குளிக்கிறார்கள் என்று அங்கே துணி துவைக்கிற ஆச்சியிடம் கேட்டால் அவரே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஆண்கள் ஜட்டியோடு இறங்காதீர்கள், வேட்டியோ துண்டோ கட்டிக்கொள்ளுங்கள், இது வீட்டுப் பெண்கள் வந்து போகிற இடம்.

ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டுபோகாதீர்கள். சோப்பும் வேண்டாம், மூன்று முழுக்குப் போட்டால் உடம்பு தானாகச் சுத்தமாகிவிடும். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லிக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அந்தத் துணிகள் பாறை இடுக்குகளில் மாட்டி மாதக்கணக்கில் கிடக்கின்றன, தன்னார்வலர்கள் இறங்கி வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே நிலை. இந்தத் தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் துணியை விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கரையிலேயே ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோங்கள். தயவுசெய்து.

குளித்துவிட்டு அப்படியே கல்லிடையின் அக்ரகாரத் தெருக்களில் நடக்கலாம். நீள நீளமான வீடுகள், திண்ணை, வாசலில் கோலம், பக்கத்தில் கன்னடியன் கால்வாய். ஆனால் இவை ஆட்கள் வாழ்கிற வீடுகள், காட்சிக்கு வைத்தவை அல்ல. வாசலில் நின்று போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் 'எடுத்துக்கோங்க' என்பார்கள், கூடவே 'எந்தூரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க' என்றும் கேட்பார்கள். அது விசாரணை இல்லை, இங்கே பேச்சு அப்படித்தான் தொடங்கும். முழு பதில் சொல்லுங்கள், நீங்களும் கேளுங்கள். கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள், வயதான அம்மாவை ஆச்சி என்று. 'சார்', 'மேடம்' என்றால் அரை வார்த்தையில் பதில் வரும், அண்ணாச்சி என்றால் வழி சொல்வதோடு தெருமுனை வரை கூடவே வருவார்.

ஊரில் இரண்டு கோயில்களை விடாதீர்கள். ஒன்று லட்சுமி வராகப் பெருமாள் கோயில், முத்துசுவாமி தீட்சிதர் பாடிய பெருமாள் இவர், சங்கீதத்தில் பிரியம் உள்ளவர்கள் அந்தக் கீர்த்தனையை முதல் நாள் ராத்திரியே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனால் சன்னதியில் நிற்பது வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று குலசேகரமுடையார் கோயில். 1982-ல் இங்கிருந்து களவுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்தது தெரியவந்து, 2019 செப்டம்பரில்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. முப்பத்தேழு வருஷம். அதனால் கேமராவோடு உள்ளே நுழைகிறவரை யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் கோபப்படாதீர்கள், பையில் வைத்துவிட்டுக் கும்பிடுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்பே எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுவது நல்லது. ஜிபே எல்லா இடத்திலும் ஓடுகிறது என்றாலும் சிக்னல் இல்லாத கிராமம் உண்டு, பத்து, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அம்பையிலிருந்து பக்கத்தில்தான் மன்னார்கோவில், 11-ஆம் நூற்றாண்டுக் கோயில், ராஜேந்திர விண்ணகர் என்பது பழைய பெயர். குலசேகராழ்வார் தம் கடைசி நாட்களைக் கழித்த இடம் என்று சொல்கிறார்கள். மேலே ஏறிப் பார்த்தால் விமானத்தின் ஒவ்வொரு நிலையிலும் பெருமாள் ஒவ்வொரு கோலத்தில், நின்றும் அமர்ந்தும் கிடந்தும். பிரம்மதேசம் கைலாசநாதர் கோயிலும் அதே பக்கம், அவ்வளவு பெரிய கோயிலில் சில காலைகளில் நீங்களும் குருக்களும் மட்டும்தான் இருப்பீர்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் திருப்புடைமருதூர் போங்கள். கடனா நதி தாமிரபரணியோடு சேருகிற இடம், கரையில் நாறும்பூநாதர் கோயில், பெரிய பெரிய மருத மரங்கள். கோயிலின் ராஜகோபுரத்துக்குள்ளே நிலை நிலையாக மரச் சிற்பங்களும் சுவர் ஓவியங்களும் இருக்கின்றன: போர்க் காட்சிகள், புராணக் கதைகள், கப்பலில் குதிரைகள் வந்து இறங்குவது. கோபுரக் கதவு எப்போதும் திறந்திருக்காது. கோயிலில் பணிவாகக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கிடைத்துவிட்டால் செருப்பில்லாமல், பை இல்லாமல் ஏறுங்கள், உள்ளே இருட்டு, படிகள் குறுகல், சுவரில் முதுகு உரசினால் நானூறு வருஷத்து வண்ணம் உங்கள் சட்டையில் வந்துவிடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். வெளியே வந்ததும் மரத்தைப் பாருங்கள். நாரைகளும் கொக்குகளும் இந்த ஊர் மரங்களில்தான் கூடு கட்டுகின்றன, 2005-ல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் இவற்றைக் காத்து வருகிறார்கள். மரத்தடியில் சத்தம் போடாதீர்கள், குழந்தைகளைக் கல் எறிய விடாதீர்கள். தொப்பி போட்டுக்கொள்வது நல்லது, காரணம் சொல்லத் தேவையில்லை.

மலைக்குப் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிமுத்தாறு அணை காமராஜர் காலத்தில் கட்டியது, சாயங்காலம் போய் வரலாம். அதற்கு மேலே அருவி, மாஞ்சோலை, பாபநாசம் பக்கம் காரையாறு எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. வனத்துறை சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, தண்ணீர் அதிகமானாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ மூடிவிடுவார்கள். போகிற அன்று காலையில் விசாரித்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு நேரம்தான் முக்கியம். காலை டிபன் எட்டு மணிக்குள், மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்குள். இரண்டரைக்குப் போய் நின்றால் ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும். இட்லியைக் கவனித்துச் சாப்பிடுங்கள், 'அம்பை 16' என்று தமிழ்நாடு முழுக்க இட்லிக்குத் தேடி வாங்குகிற குண்டு நெல் ரகம் அம்பை நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவானது. சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பைக் கேட்காதீர்கள், அது கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு, ஹோட்டலில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் மறுக்காமல் போய்விடுங்கள், போகும்போது பழமும் பூவும் வாங்கிக்கொண்டு. மத்தியானம் தூங்குங்கள். ஊரே தூங்குகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தால் பத்தமடையில் இறங்கிப் பாய் பாருங்கள். ஆற்றோரத்துக் கோரையை ஊறவைத்து, நூல் மாதிரிக் கிழித்து, கைத்தறியில் நெய்கிற பாய். பட்டுப்பாய் என்கிற மெல்லிய ரகத்தைத் துணி போல மடிக்கலாம், கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரைப் போட்டு நெய்து தருவார்கள், ஆனால் அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்த உழைப்பைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வராது.

அப்பளத்தைக் கடைசி நாள் காலையில் வாங்குங்கள். முதல் நாளே வாங்கிப் பையில் போட்டால் ஊர் சுற்றுவதற்குள் நொறுங்கிவிடும். உளுந்தப்பளம் என்று கேட்டு வாங்கி, துணிகளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போட்டு மூடுங்கள், பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, பொங்கியதும் உடனே எடுத்துவிட வேண்டும்.