பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

டைப்பிங், எக்செல் எல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். வேலை தேடுபவருக்கு முதல் தேவை, சொந்த செல்போன் எண்ணில் தானே திறந்து பார்க்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் கணக்கு. பல ஊர்களில் கடைக்காரரே அவசரத்துக்கு ஒரு ஐடியும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டும் மறந்துவிடும். நேர்காணல் அழைப்பு வந்தாலும் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். இப்படி வாய்ப்பை இழப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

தமிழ்நாடு அரசு வேலைத் தேர்வுகளை நடத்தும் டிஎன்பிஎஸ்சியில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டணம்; 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அத்தனை காலமும், பதிவில் கொடுத்த செல்போன் எண் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் நின்றுபோன சிம்மில் ஓடிபி வராது.

கணக்கு தொடங்கியதும் ஒரு ஒத்திகை பாருங்கள். பயோடேட்டாவை பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையே வைத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். சப்ஜெக்ட் இடத்தில் வேலையின் பெயரை எழுதுங்கள். பதில் வந்ததா என்று ஸ்பாம் பெட்டியிலும் தேடுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களை அரசின் டிஜிலாக்கர் செயலியில் எடுத்து வைத்துக்கொண்டால், கேட்டவுடன் அனுப்பலாம்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: செல்போனைக் கற்றுக்கொள்பவர் கையிலிருந்து வாங்காதீர்கள். மெதுவாக இருந்தாலும் சரி, பட்டனை அவரே அழுத்தட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி, வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.